தாழ்மையா, தளையா?

பணிவு நல்ல பண்பு, மறுப்பார் இல்லை. இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவினார் என்கிறது யோவான் எழுதிய நற்செய்தி. அந்தக் காட்சியிலே குனிந்தவர் ஆசான், அமர்ந்திருந்தோர் மாணவர். மேலிருந்தவர் குனிந்த அந்தத் தாழ்மை, பின்னாளில் கீழிருப்பவன் மட்டுமே குனிந்தாக வேண்டும் என்ற கட்டளையாகிவிட்டதே, அது எவ்வாறு? கிறித்துவ உலகிலே தோன்றிய இரு மடல்களை எடைபோட்டால் விடை கிடைக்கும்.

முதல் மடல் 1553-ஆம் ஆண்டினது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், போர்த்துகல் நாட்டிலிருந்த தம் சபையினருக்கு எழுதியது. கீழ்ப்படிதலுக்கு மூன்று படிகள் வகுக்கிறார். சொன்னதைச் செய்வது முதற்படி. தலைவரின் விருப்பத்தையே தன் விருப்பமாக்கிக் கொள்வது இரண்டாம் படி. தலைவர் எண்ணுவதே சரியென்று தன் அறிவையும் அவர் அறிவுக்கு இணங்க வைப்பது மூன்றாம் படி. அதுவே நிறைவு என்கிறார். அச்சபையின் சட்டநூலோ, கீழ்ப்படிபவனைப் பிணத்துக்கு ஒப்பிடுகிறது. முதியவர் கைத்தடிக்கும் ஒப்பிடுகிறது.

மடலின் கட்டுக்கோப்பு அழகு, தெளிவும் உண்டு. மாறுபட்ட கருத்தைத் தலைவரிடம் எடுத்துரைக்கலாம் என்ற இடமும் உண்டு. பாவமென்று தெரிவதற்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்ற விலக்கும் உண்டு. நேர்மையாக அதை ஒப்புகிறோம். ஆனால், நாம் கேட்பது ஒன்றுதான். அறிவையே ஒப்படைத்துவிட்ட பிறகு, பாவம் எது என்பதை எந்தக் கண் கொண்டு காண்பது? விளக்கை அணைத்துவிட்டு, வழியில் பள்ளம் இருந்தால் மட்டும் விலகு என்பது போலல்லவா இருக்கிறது!

இரண்டாம் மடலை எழுதியவரும் ஒரு பாதிரியார்தான். பெயர் லொரன்சோ மிலானி. இத்தாலியிலே, பிளாரன்சு நகரில் 1923-இல் செல்வக் குடும்பத்திலே பிறந்தவர். தொழிலாளருக்கு இரவுப்பள்ளி நடத்தினார்; மேலிடத்துக்கு வேண்டாதவரானார். 1954-இல் பார்பியானா என்ற மலையூருக்கு அனுப்பப்பட்டார். சில குடும்பங்களே வாழ்ந்த ஏழையூர். அங்கேயும் பள்ளி தொடங்கினார். மற்றப் பள்ளிகள் மக்கென்று தள்ளிய உழவர் பிள்ளைகள் அவரிடம் படித்தனர்.

1965-ஆம் ஆண்டு, முன்னாள் படைக் குருமார் சிலர், மனச்சான்றின்படி ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்களைக் கோழைகள் என்று தூற்றி அறிக்கை விடுத்தனர். மறுத்த இளைஞர்களோ சிறையிலே! மிலானி மறுமொழி எழுதினார். பொதுவுடைமை இதழொன்று அதை வெளியிட்டது. குற்றத்தைப் போற்றினார் என்று வழக்கு வந்தது. நோய்வாய்ப்பட்ட மிலானி வழக்கு மன்றம் செல்ல இயலாமல், நீதிபதிகளுக்கு ஒரு மடல் தீட்டினார்.

அதிலேதான் அவர் பேனாவின் கூர்மையைக் காண்கிறோம். ஆணைக்குக் கீழ்ப்படிந்தோம் என்று சொன்னவர்களை நூரம்பர்க் மன்றம் விடுவித்ததா என்று கேட்கிறார். எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு என்று ஒவ்வொருவனும் உணர வேண்டும். கீழ்ப்படிதலே சோதனைகளில் நுட்பமானது என்கிறார். நீதிபதி இருக்கிற சட்டத்தைக் காப்பவர். ஆசிரியரோ, வரவேண்டிய நல்ல சட்டத்தைக் காணும் கண்ணையும் மாணவனுக்குத் தரவேண்டியவர் என்று பிரித்துக் காட்டுகிறார். எளியோருக்கு வலிமையாகும் சட்டத்துக்குப் பணி; வலியோரின் கொடுமைக்குத் துணை நிற்கும் சட்டத்தை மாற்றப் போராடு; அதற்கான தண்டனையையும் ஏற்றுக்கொள் — இதுவே அவர் வாதத்தின் சாரம்.

1966 பிப்ரவரியில் வழக்கு மன்றம் விடுதலை செய்தது. 1967 ஜூனில் மிலானி மறைந்தார். 1968-இல் மேல்முறையீட்டு மன்றம் இதழின் பொறுப்பாசிரியரைத் தண்டித்தது. மிலானியைச் சாவு காப்பாற்றியது! 1972-இல் இத்தாலி அரசே, படைப்பணி மறுக்கும் உரிமையைச் சட்டமாக்கியது. குற்றமென்று கூண்டிலேற்றப்பட்ட கருத்து ஏழே ஆண்டுகளில் சட்டநூலில் ஏறியது.

போற்றுகிறோம், எனினும் திறனாய்வு போற்றுதலோடு நின்றுவிடலாகாது. அரசின் ஆணையை எதிர்த்து இத்துணை முழங்கிய மிலானி, திருச்சபையின் ஆணைக்கு என்ன செய்தார்? 1958-இல் அவருடைய நூலைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறுமாறு உரோமையின் திருத்துறை ஆணையிட்டது. அடங்கினார். மலையூரிலே ஒதுக்கி வைத்தனர். அங்கேயே இருந்தார். படைத்தலைவன் ஆணையிட்டால் உன் அறிவைக் கேள் என்றவர், ஆயர் ஆணையிட்டபோது சபையைவிட்டு வெளியேறவில்லை. பாவமன்னிப்பும் திருப்பலியும் வேறெங்கும் கிட்டா என்ற நம்பிக்கை அவரைக் கட்டிவைத்தது. இளைஞருக்கு அவர் அறுத்துக்கொடுத்த கயிறு, அவர் காலிலே கிடந்தது!

அந்தத் திருச்சபை பின்னர் என்ன செய்தது? 2014-இல் நூலின் மீதிருந்த தடையை நீக்கியது. 2017-இல் போப்பாண்டவர் பிரான்சிசு பார்பியானாவுக்கே சென்று கல்லறையில் வேண்டினார். நல்லதுதான். ஆனால், தடை நீங்க ஐம்பத்தாறு ஆண்டுகள்! வாழ்கையில் அடக்கு, வீழ்ந்தபின் வணங்கு என்பது சமயங்களின் பழைய வழக்கம்.

ஆயினும், மிலானி வாழ்விலே பணிவு இல்லையென்று எவர் சொல்வர்? செல்வர் வீட்டுப் பிள்ளை, ஏழை உழவன் மகனுக்கு எழுத்தறிவிக்கக் குனிந்தாரே, அதுவே யோவான் தீட்டிய அந்தப் பழைய காட்சி. பணிவு உண்மையின் முன்னும் எளியவர் முன்னும் குனிகிறது. கீழ்ப்படிதல் அதிகாரத்தின் முன் குனிந்துவிட்டு, பணிவின் பெயரைக் கடன் வாங்குகிறது. இரண்டையும் ஒன்றென்று கற்பித்ததே சமயக் குருமார் செய்த மோசடி.

இந்த மோசடி கோயிலோடு நிற்பதில்லை, தோழர்களே! கரும்பலகை முன் நிற்கும் நமக்கும் அது எளிதாக வருகிறது. கைகட்டி வாய்பொத்தி இருப்பவனை நல்ல பிள்ளை என்கிறோம். ஏன் என்று எழுந்து கேட்பவனைத் திமிர் பிடித்தவன் என்கிறோம். குருமாரைக் குறை கூறுமுன், நாளைக் காலை நம் வகுப்பில் எழுந்து நிற்கப் போகும் அந்தப் பிள்ளைக்கு மறுமொழி சொல்ல நாம் ஆயத்தமா?