இப்னுந் நஃபீஸ் மறுத்ததும் மறுக்காததும்

இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்தவர் ஹார்வி அல்லர், இப்னுந் நஃபீஸ் (ரஹ்) அவர்களே என்னும் கூற்று நம் மேடைகளிலும் சிறப்பு மலர்களிலும் வழக்கமாகிவிட்டது. சொல்வோரின் பற்று மெச்சத்தக்கது. எனினும் 'ஷர்ஹு தஷ்ரீஹில் கானூன்' என்னும் அவர்தம் நூலை ஒருமுறை விரித்துப் பார்த்தவர் இவ்வாறு பேசமாட்டார். பேசவேண்டிய தேவையும் அவருக்கு இராது.

இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' கூறும் உடற்கூற்றுப் பகுதிகளுக்கான விரிவுரை அது. அதன் கையெழுத்துப் படியொன்று ஹிஜ்ரி 640, அதாவது கி.பி. 1242ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அன்று மருத்துவ உலகை ஆண்டவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான காலன். இதயத்தின் வலது, இடது கீழறைகளுக்கு இடையேயுள்ள சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே இரத்தம் கசிகிறது என்பது அவர் கொள்கை. இப்னுந் நஃபீஸ் இதனை மறுத்தார். அச்சுவர் தடித்தது, அதில் புலப்படும் துளையும் இல்லை, புலப்படாத துளையும் இல்லை. எனவே வலப்புற இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, காற்றுடன் கலந்து, அதன் பின்னரே இடப்புறத்தை அடையவேண்டும் என்றார். நுரையீரலுக்குச் செல்லும் குழாய் தடித்தும், மீளும் குழாய் மெலிந்தும் இருப்பது ஏன் என ஆராய்ந்து, இரண்டுக்கும் இடையே வழிகள் இருந்தாகவேண்டும் என்றும் முடிவு கண்டார். அவ்வழிகளாகிய தந்துகிகளைத் தவளையின் நுரையீரலில் மால்பீஜி கண்டு எழுதியது 1661இல்! இதயத்துக்கு அறைகள் மூன்று என்ற இப்னு ஸீனாவின் சொல்லையும் அவர் விட்டுவைக்கவில்லை.

ஆயினும் இவையனைத்தும் நுரையீரல் சுற்றோட்டம் பற்றியவை. ஈரலிலேயே இரத்தம் பிறக்கிறது, உறுப்புகள் அதனைத் தம் உணவாகக் கொண்டு தீர்க்கின்றன என்னும் பழைய கொள்கை அவரிடமும் எஞ்சியிருந்தது. அதனைத் தகர்த்தவர் ஹார்விதான். அரைமணி நேரத்தில் இதயம் வெளியேற்றும் இரத்தம் உடலிலுள்ள மொத்த இரத்தத்தினும் மிகுதி எனக் கணக்கிட்டு, அது திரும்பி வந்தே தீரவேண்டும் என 1628இல் நிறுவினார். (ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் செலுத்துகிறது என்பது இன்றைய அளவு, வளர்ந்த மனிதரின் மொத்த இரத்தமே ஏறத்தாழ அவ்வளவுதான்.)

ஐரோப்பியர் இவரிடமிருந்து களவாடினர் என்னும் குற்றச்சாட்டும் சான்றில்லாதது. ஸெர்வீட்டஸ் 1553இலும் கொலம்போ 1559இலும் இதே வழியைக் கூறினர் என்பது மெய். ஆனால் அல்பாகோவின் மொழிபெயர்ப்பாக 1547இல் வெனிஸில் அச்சான இப்னுந் நஃபீஸின் பகுதி மருந்துகளைப் பற்றியது, இதயத்தைப் பற்றியதன்று. நூலின் இப்பகுதியை 1924இல் பெர்லின் நூலகச் சுவடியிலிருந்து உலகறியச் செய்தவர் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவீ. அதுவரை நாமும் அதனை மறந்தே இருந்தோம் என்பதை மலர்கள் எழுதுவதில்லை.

ஷரீஅத்தும் இயல்பான இரக்கமும் உடலை அறுத்துப் பார்ப்பதைத் தடுத்தன என்று நூலின் முகவுரையில் அவரே கூறுகிறார். நம்மவர் இதனை மறைக்கின்றனர். பிறர் இதனை மட்டுமே எடுத்துக்காட்டுகின்றனர். அதே நூலில், அறுத்துப் பார்த்தறிந்த செய்தி முன்னோர் கூற்றைப் பொய்யாக்குகிறது என்றும் அவர் எழுதுவதை இருசாராரும் காண்பதில்லை.

'அத்தன்பீஹ்' நூலுக்கும் விரிவுரை எழுதிய ஷாஃபிஈ ஃபகீஹ் அவர். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஃபிக்ஹு நடத்தியவர். மூலாசிரியரின் சொல்லை முதலில் வைத்து, இது சரியன்று எனக் கூறி, காரணம் காட்டும் அந்நடை நம் பாடநூல்களில் நாள்தோறும் காண்பதே. ஷரஹ் என்பது மூலத்துக்குத் தலையாட்டுவது என்று எண்ணியிருந்த என் மாணவர்களிடம் இதயம் பற்றிய அப்பக்கங்களைக் கொடுத்தேன். வாசித்த ஒருவர், "ஹள்ரத், இவ்வளவு மறுத்தபின்னும் இதனை ஷரஹ் என்றே ஏன் பெயரிட்டார்?" என்று கேட்டார். அன்றைய பாடவேளை முழுவதும் அக்கேள்வியிலேயே கழிந்தது.