சாட்சியின் இலக்கணம்: நாட்பட்ட நோயும் தமிழ்க் கிறித்துவ எழுத்தும்

பினாங்குத் துறைமுகத்திற்குத் தெற்கே, தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கடலில் ஜெரஜாக் என்னும் சிறுதீவு உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில ஆட்சி இத்தீவை இருவகை மனிதர்க்கென ஒதுக்கியது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கப்பல்களில் அம்மையோ வாந்திபேதியோ தென்பட்டால் பயணிகள் இங்கே இறக்கப்பட்டுக் குறித்த நாள்கள் தனித்து வைக்கப்பட்டனர். கணக்கு முடிந்ததும் அவர்கள் தோட்டங்களுக்குப் போயினர். அதே தீவில் நீரிணைக் குடியேற்றங்களின் தொழுநோயாளர்க்கான குடியிருப்பும் இருந்தது. அவர்களுக்கு அத்தகைய கணக்கு எதுவும் இல்லை. 1930-இல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. ஆயினும் சல்போன் மருந்துகள் 1940-களில் பயன்பாட்டிற்கு வரும்வரை அவர்களிடம் 'எப்போது வீடு திரும்புவாய்' என்று கேட்பதற்கு இடமே இருக்கவில்லை.

எண்ணத்தக்க நாள்களும் எண்ணவியலாத நாள்களும் ஒரே மண்ணில் அருகருகே கழிந்த இவ்வரலாறே நம்மை இக்கட்டுரைக்குத் தூண்டியது. 'நாட்பட்ட நோய்' என்னும் தமிழ்த்தொடர் நோயின் கடுமையைக் குறிப்பதன்று. நோய் காலத்தோடு கொண்ட உறவைக் குறிப்பது. அவ்வுறவைக் கிறித்துவ விசுவாசத்தின் வழிநின்று தமிழரிடையே பேசிய எழுத்துகள், எந்தக் காலத்தில், எந்த இடத்தில் நின்று பேசின என்பதே நம் வினா. காலம், இடம் என்னும் சொற்களை இலக்கண ஆசிரியர்கள் ஆளும் பொருளிலேயே ஈண்டு ஆள்கிறோம்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர். இனவாரியாக நோக்கின் இந்தியரிடையேதான் அது மிகுதி. நீரிழிவின் நீட்சியாகச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் கிழமைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணிநேரம் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தருகே கிடக்க வேண்டும். நாம் நன்கறிந்த தமிழாசிரியர் ஒருவர், பணி ஓய்வுக்குப்பின் பினாங்கில் இவ்வாறு சில ஆண்டுகள் வாழ்ந்தவர். செபக்கூட்டம் ஒன்றில் சாட்சி கூற அவர் எழுந்தபோது, 'சுகம் கிடைத்த பிறகு சொல்லுங்கள் ஐயா' என்று அன்போடு அமர்த்திவிட்டனர். பின்னர் ஒருநாள் அவர் நம்மிடம், 'எனக்கு இறந்தகாலம் வாய்க்கவில்லை. அதனால் சாட்சியும் இல்லை' என்றார். சொன்னவர் இலக்கணம் கற்பித்தவர். இக்கட்டுரையின் கருத்தை நாம் அவரிடமிருந்தே பெற்றோம் எனல் மிகையாகாது.

சாட்சி என்னும் வகைமை ஏன் இறந்தகாலத்தை வேண்டுகிறது? காரணத்தைச் சபைகளின் போதனையில் மட்டும் தேடுதல் பொருந்தாது. தமிழ்ப் பக்தி மரபு நோயைப் பாடிய முறை அதற்கு முந்தியது. சூலை நோயால் துடித்த நாவுக்கரசர், தமக்கையார் திலகவதியார் அருகிருக்கத் திருவதிகையில் பதிகம் பாடினார், நோய் நீங்கியது. பாண்டியனின் வெப்பு நோயைச் சம்பந்தரின் திருநீறும் பதிகமும் நீக்கின. நோய், பாடல், நீக்கம் என்னும் இம்மூன்றும் பெரியபுராணத்தின் வழியே நம் செவியில் ஊறிவிட்டன. தமிழ்க் கிறித்துவர் மதம் மாறினர். கதையின் வடிவத்தை அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. சுவிசேஷங்களிலிருந்து அவர்கள் மேடைக்கு எடுத்தவையும் இவ்வடிவத்தில் அடங்குபவையே. பன்னிரண்டு ஆண்டு பெரும்பாட்டால் வருந்திய பெண்ணும், முப்பத்தெட்டு ஆண்டு குளக்கரையில் கிடந்த மனிதனும் நலம்பெற்ற கணத்திலிருந்தே நமக்கு அறிமுகமாகின்றனர். அந்த முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஓர் ஆண்டு எப்படிக் கழிந்தது என்று கேட்டவர் அரியர்.

யோபுவின் நூல் இவ்வகையில் நோக்கத்தக்கது. நாற்பத்திரண்டு அதிகாரங்கள் கொண்ட அந்நூலில் துன்பம் வந்த செய்தி முதல் இரண்டில் முடிகிறது. செல்வம் இரட்டிப்பாக மீண்ட செய்தி கடைசி அதிகாரத்தின் பிற்பகுதியில்தான் வருகிறது. இடைப்பட்ட பெரும்பகுதி முழுதும் புண்ணோடு அமர்ந்திருப்பவனின் வாதம், நண்பர்களின் மறுப்பு, இறுதியில் சூறாவளியிலிருந்து வரும் குரல். ஆயினும் நம் பிரசங்க மரபு இரண்டாம் அதிகாரத்திலிருந்து நாற்பத்திரண்டுக்குத் தாவுவதையே பெரிதும் காண்கிறோம். அந்நூலின் இலக்கியமெல்லாம் அத்தாவலில் விடுபடுகிறது. நண்பர் மூவரும் கூறியவை கேட்பதற்கு நல்ல இறையியலே. நோயுற்றவனைப் பார்த்து முன்னிலையில் கூறியதால் அவை பிழையாயின.

ஜான் பனியனின் நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளிவந்தது. ஆன்மாவின் வாழ்வை நடையாக உருவகித்த காப்பியம் அது. நடையாக உருவகித்தவுடன் நடக்கவியலாதவன் வெளியே நின்றுவிடுகிறான். பனியன் தம் நூலின் இரண்டாம் பாகத்தில் ஊன்றுகோலோடு வரும் ஒருவனையும் பயணத்தில் சேர்த்துக்கொண்டார் என்பது உண்மையே. அவனும் நகர்கிறான். படுக்கையே நாடாகிப்போனவனுக்கு யாத்திரை என்னும் உருவகம் எவ்வளவு உதவும் என்பது ஐயத்திற்குரியது.

இம்மரபுக்குப் புறத்தே நிற்கும் நூலொன்று, பினாங்குத் தமிழ்க் கிறித்துவருள் பலரின் முன்னோர் புறப்பட்டுவந்த அதே திருநெல்வேலிச் சீமையில் பிறந்தது. தோனாவூரில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல், 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கச் சென்று, மாலை மங்கலில் புதிதாகத் தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. ஏறத்தாழ அறுபத்து நான்கு வயதில் நேர்ந்த அவ்விபத்திற்குப்பின், 1951 ஜனவரி 18-இல் மறையும்வரை, அவர் வாழ்வு பெரும்பாலும் ஓர் அறைக்குள் அடங்கியது. 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்னும் நூல் 1933-இல் வெளியாயிற்று. தோனாவூர் ஐக்கியத்தைச் சார்ந்த நோயாளர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களின் தொகுப்பு அது.

அந்நூலின் சிறப்பு அதன் கருத்துகளில் இல்லை. அவற்றுள் பல மரபானவை. எழுதப்பட்ட நேரமே அதன் சிறப்பு. நலமுற்றபின் எழுதலாம் எனக் காத்திருந்தால், எழுதப்படுவது நலமுற்றவரின் எழுத்தாகிவிடும் என்பதை ஆசிரியர் உணர்ந்திருந்தார். நலமாயிருப்போர் நோயாளர்க்கென எழுதி அனுப்பும் ஆறுதல் நூல்கள் தம்மைத் தொடவில்லை என்பதையும், தாம் முன்பு பிறருக்கு அனுப்பியவையும் அத்தகையவையே என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆக, இது நோயாளர் ஒருவர் நோயாளர்க்கு எழுதியது. தன்மை இடம் முன்னிலையை நோக்குகிறது. ஆயினும் இருவரும் ஒரே படுக்கை மட்டத்தில் உள்ளனர். காலமோ நிகழ்காலம். தூக்கம் வராத இரவு இன்னும் விடியாத நிலையில் எழுதப்பட்ட வாக்கியங்களை நாம் படிக்கிறோம். தன் உடலிலுள்ள முள்ளை நீக்குமாறு மும்முறை வேண்டியும் நீங்கப்பெறாத பவுலின் நிலை இத்தகையது. புதிய ஏற்பாட்டில் நீக்கம் பெறாத நோயின் குரல் தன்மையிடத்தில் ஒலிக்கும் பகுதி அது என்பதைத் தமிழாசிரியர்கள் கவனித்தல் நன்று.

அந்நூலைக் குறையற்றதெனக் கொள்ளவும் நம்மால் இயலவில்லை. ஆசிரியர் தம் வலியின் உடற்கூற்றைப் பெரும்பாலும் பேசாது விடுகிறார். மலை, மலர், ஒளி என்னும் படிமங்கள் வலியை விரைந்து போர்த்திவிடும் இடங்கள் உள. நாவுக்கரசர் குடலின் முடக்கத்தைப் பெயர் சுட்டிப் பாடியவர். அம்மரபில் வந்த வாசகனுக்கு இந்நாகரிகம் சற்றே வெளிறித் தோன்றும். மற்றொன்றும் உண்டு. அவ்வறையில் அவரைப் பேணியோருள் தோனாவூரில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள் இருந்தனர். எழுதும் நோயாளருக்குப் பின்னே எழுதாத பராமரிப்பாளர் இருப்பதும், எழுத்து ஆங்கிலத்தில் இருப்பதும் தற்செயலானவை அல்ல. மிஷன் எழுத்தின் அதிகாரப் படிநிலை நோயறைக்குள்ளும் நுழைந்தே இருக்கிறது.

பொன்னம்மாளின் கதையில் இது இன்னும் தெளிவாகிறது. இளமையில் கைம்மை எய்திய இத்தமிழ்ப் பெண், தோனாவூர்ப் பணியின் தொடக்கத்திலிருந்தே கார்மைக்கேலின் வலக்கரமாய் இருந்தவர். புற்றுநோயால் நலிந்து 1915-இல் மறைந்தார். அவர் வரலாற்றைக் கார்மைக்கேல் நூலாக்கினார். அன்பும் நன்றியும் நிறைந்த நூல். எனினும் தமிழில் முனகியவரின் நோய் ஆங்கிலத்தில், படர்க்கையில், அவர் மறைந்தபின் நம்மை வந்தடைகிறது. அவர் தம் வலியை எந்தச் சொல்லால் அழைத்தார்? குடைச்சல் என்றாரா, உளைச்சல் என்றாரா, பிடுங்கல் என்றாரா? தமிழில் வலிக்கு இத்தனை சொற்கள் இருக்க, அவற்றுள் ஒன்றும் அங்கே மிஞ்சவில்லை. இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு, 1931-க்குப்பின் கார்மைக்கேல் எழுதிய நோய் வேறு, அதற்குமுன் அவர் பார்த்த நோய் வேறு என்பது விளங்கும். முன்னதில் பொறுமை ஒரு பண்பாகப் புகழப்படுகிறது. பின்னதில் அது நாள்தோறும் புதிதாகத் தேடவேண்டிய ஒன்றாகிறது.

வேலூரில் 1954-இல் விபத்தொன்றால் இடுப்பின் கீழ் உணர்விழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்த டாக்டர் மேரி வர்கீஸின் வாழ்வையும் டோரதி கிளார்க் வில்சன் என்னும் பிறர்தான் எழுதினார். அது வெற்றியின் கதை. வெற்றிக்கு வாய்ப்பில்லாத நோயாளர் அதில் தம்மைக் காண்பது எளிதன்று என்று மட்டும் கூறி அமைகிறோம்.

கார்மைக்கேல் விழுந்த நாளின் காலையில், பணிக்குத் தம்மைத் தகுதியாக்கும் எதையும் செய்யுமாறு அவர் இறைவனை வேண்டினார் என்பர் வரலாற்றாசிரியர். விபத்தை அவர் அவ்வேண்டுதலோடு சேர்த்தே பொருள்கொண்டார். இவ்வுரையை எவ்வாறு மதிப்பிடுவது? 'இது எனக்கு நன்மைக்கே வந்தது' என்று நோயாளர் ஒருவர் தன்மையில் கூறினால், அது அவர் தம் வாழ்வைத் தாமே வாசிக்கும் உரிமை. அதே வாக்கியத்தை 'உனக்கு' என மாற்றினால் யோபுவின் நண்பர்கள் மீண்டும் வந்து அமர்கின்றனர். 'அவருக்கு' என மாற்றினால் இரங்கற்பா ஆகிறது. சொற்கள் மாறவில்லை, இடம் மட்டுமே மாறியது. விசுவாசக் குறைவால்தான் நோய் நீங்கவில்லை என்று கூறப்பட்டு, குற்றவுணர்வில் மருந்தை நிறுத்தியோர் இருவரை நாம் அறிவோம். ஆகவே இவ்விலக்கண வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. பவுலின் முள்ளை மேடையில் விளக்குவோர் அதனைத் தன்மையிலிருந்து பெயர்க்காமல் விளக்கினாலே போதும். பெரும் தீங்கு குறையும்.

பினாங்கில் நீண்டநாள் நோயாளரைப் பேணும் கிறித்துவ நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. தஞ்சோங் பூங்காவில் பிரான்சிஸ்கன் சகோதரிகள் 1976-இல் நிறுவிய மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. தமிழ்க் கத்தோலிக்கர்க்கென 1857-இல் தோன்றிய புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயமும் இந்நகரில் உண்டு. பேணும் கைகளும் செபிக்கும் இடங்களும் இருக்க, நிகழ்காலத்தில், தன்மையிடத்தில் தமிழில் எழுதப்பட்ட நோய்க்குறிப்புகளுக்கு நம் பாடத்திட்டத்தில் இடம் தேடவேண்டியுள்ளது. சிறுகதையும் கவிதையும் கற்பிக்கும் நாம், கடிதத்தையும் நாட்குறிப்பையும் இலக்கிய வகைமையாகக் கருதாததும் இதற்கு ஒரு காரணம்.

கார்மைக்கேலின் நூற்பெயரை எவ்வாறு தமிழாக்கலாம் என்று நம் மாணவரிடம் ஒருமுறை வினவினோம். முட்செடியில் ரோஜா என்றனர் சிலர். திருநெல்வேலித் தேரிக்காட்டின் உடைமுள்ளை நாம் விளக்கியபோது, இம்மண்ணில் பிறந்த அவர்களுக்கு அது விளங்கவில்லை. பாயான் லெப்பாசிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, பள்ளித் திடலில் காலைக் கீறும் தொட்டாற்சுருங்கியைச் சொன்னாள். அதற்கும் முள் உண்டு, இளஞ்சிவப்பாய்ப் பூவும் உண்டு, யாராவது தொட்டால் மூடிக்கொள்ளவும் செய்யும் என்றாள். அவள் தாயார் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர் என்பதை நாம் பின்னரே அறிந்தோம். கரும்பலகையில் எழுதியிருந்த மற்றப் பெயர்களை அழித்துவிட்டு அதனை மட்டும் விட்டுவைத்தோம்.