ஐயமும் வினைமுற்றும்: மைக்கேல் ஜாக்சன் பற்றிய திறனாய்வுகளைத் தமிழாக்குதல்

0. முன்னுரை

அமெரிக்கப் பாடகர் மைக்கேல் ஜாக்சனை (1958–2009) பற்றிய எழுத்துகளுள் பெரும்பாலானவை புகழுரைகளாகவோ பழியுரைகளாகவோ அமைந்துள்ளன. இவ்விரண்டிற்கும் இடையில் நின்று எழுதிய திறனாய்வாளர் சிலரே. ஜேம்ஸ் பால்டுவின் (1985), கிரெக் டேட் (1987, 2009), மார்கோ ஜெஃபர்சன் (2006), கிளேர் டெடரர் (2023) ஆகியோரை அவ்வகையில் குறிப்பிடலாம். அறிந்தது, கேட்டது, ஐயுறுவது ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பதில்தான் இத்தகைய எழுத்தின் நேர்மை அடங்கியுள்ளது. அதனைத் தமிழில் தருவோர், தாம் அறியாமலேயே இலக்கணத் தேர்வின் வழியாகத் தீர்ப்பு வழங்கிவிட நேர்கிறது. அவ்வாறு நேரும் இடங்கள் சிலவற்றை இக்கட்டுரை சுட்டிக்காட்ட முற்படுகிறது.

1. நிறமும் வினையும்

1987இல் 'பேட்' இசைத்தொகுப்பு வெளிவந்தபோது, 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் டேட் கடுமையானதொரு கட்டுரை எழுதினார். ஜாக்சனின் தோல் நிறத்திலும் முகத்திலும் ஏற்பட்டிருந்த மாற்றங்களைத் தம் இனத்தை மறுக்கும் செயலாக அவர் கண்டார். அறுவை மருத்துவத்தால் மூக்கை மாற்றிக்கொண்டதை ஜாக்சனே 1988இல் வெளியான தம் தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார். தோலின் கதை வேறு. தமக்குத் தோல் நோய் உள்ளது என்று 1993 பிப்ரவரியில் ஓப்ரா வின்ஃப்ரேக்கு அளித்த தொலைக்காட்சி நேர்காணலில் அவர் கூறினார். அது வெண்புள்ளி நோய் என்பதை 2009இல் நடந்த உடற்கூறாய்வும் உறுதிப்படுத்தியது. அவ்வாண்டில், ஜாக்சன் மறைந்தபின் டேட் எழுதிய கட்டுரையில் பழைய கடுமையைக் காண இயலாது.

'தோல் வெளுத்தது' என்பது தன்வினை; 'தோலை வெளுக்கச் செய்தார்' என்பது பிறவினை. டேட்டின் 1987ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறவினையே பொருந்தும். இன்று நாம் அறிந்ததைக் கொண்டு அதனைத் தன்வினையாகத் திருத்துவது, திறனாய்வாளர் அன்று செய்த பிழையை மறைப்பதாகும். பின்னர் எழுதப்பட்டவற்றைப் பழைய பிறவினையிலேயே பெயர்ப்பது, பாடகருக்கு இழைக்கும் பிழையாகும். நோயின் பெயரும் கருதத்தக்கது. 'வெண்குட்டம்' என்னும் பழைய வழக்கு தொழுநோயை நினைவூட்டி, மூலத்தில் இல்லாத அருவருப்பைக் கொணரும்.

2. அவனும் அவரும்

ஆங்கிலத்தில் ஆண்பால் ஒருமைக்குப் படர்க்கைப் பெயர் ஒன்றே உண்டு. தம் சகோதரர்களுடன் மேடையேறிய சிறுவன், உலகப் புகழ் பெற்ற கலைஞர், நீதிமன்றத்தில் நின்ற நாற்பத்தாறு வயதினர் ஆகிய மூவரையும் ஜெஃபர்சன் அவ்வொரு சொல்லாலேயே சுட்டுகிறார். குழந்தை நட்சத்திரத்தையும் பிற்கால மனிதரையும் தனித்தனியே வைத்து நோக்க இயலாது என்னும் அவரது பார்வைக்கு அச்சொல்லின் ஒருமை துணைநிற்கிறது.

தமிழிலோ ஒவ்வொரு வினைமுற்றிலும் 'அவன்', 'அவர்' என்னும் தேர்வு நம்மை எதிர்கொள்கிறது. சிறுவனுக்கு 'அவன்', கலைஞருக்கு 'அவர்' என்பது இயல்பு. குற்றம் சாட்டப்பட்டவுடன் உயர்வுப் பன்மையை நீக்கிவிடும் செய்தித்தாள் பழக்கம் நம்மிடையே உண்டு. அப்பழக்கத்தை இங்குப் பின்பற்றினால், வழக்கு முடியுமுன்பே தண்டனையை விகுதி வழங்கிவிடுகிறது.

எதிர்ப்புறத்தில் உள்ள இடர் இதனினும் பெரிது. 1993இல் குற்றம் சாட்டியவர் பதின்மூன்று வயதுச் சிறுவர். 2019இல் வெளியான 'லீவிங் நெவர்லேண்ட்' ஆவணப்படத்தில் தம் இளமைக்கால அனுபவங்களைக் கூறிய இருவரும் முதிர்ந்த ஆண்கள். பாடகர் 'அவர்' என்றும் சிறுவன் 'அவன்' என்றும் ஒரே தொடரில் அமையும்போது, வயது வேறுபாட்டைக் காட்ட வந்த விகுதி நம்பகத்தன்மையின் வேறுபாட்டையும் காட்டத் தொடங்குகிறது. பெரியவரின் சொல்லுக்கு எடை கூடுகிறது. சிறுவனின் சொல்லுக்குக் குறைகிறது. சாட்சி கூறுபவரை, அவர் நினைவுகூரும் வயது எதுவாயினும், 'அவர்' என்றே சுட்டி, வயதைத் தனிச்சொல்லால் உணர்த்துவது தக்கது: 'ஏழு வயதில் அவரைச் சந்தித்ததாக இவர் கூறுகிறார்.' இத்தொடர் சற்றே செயற்கையாக ஒலிக்கலாம். அதனைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

3. பெயரெச்சமும் 'ஆம்' ஈறும்

குற்றச்சாட்டைச் சுட்ட ஆங்கிலத்தில் பெயரடை ஒன்று போதும். தமிழில் 'துன்புறுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட' என நீண்ட தொடர் வேண்டியுள்ளது. சுருக்கம் விரும்பும் மொழிபெயர்ப்பாளர் 'துன்புறுத்திய' என்னும் பெயரெச்சத்தோடு நின்றுவிடக்கூடும். முற்றுவினையை வாசகர் மறுத்துப் பார்க்கலாம். பெயரெச்சத்தை மறுப்பது எளிதன்று. அது செய்தியைக் கூறாமல், முன்னரே உண்மையென ஏற்கப்பட்டதாகக் கொண்டு மேலே செல்கிறது. நாம் இழப்பது இரண்டு சொற்கள் அல்ல, ஒரு வழக்கு முழுவதும் எனலாம்.

'ஆம்' ஈறு எதிர்த்திசையில் இழுக்கிறது. அது கேட்ட செய்தியைக் குறிக்கும் வசதியான உருபு. எனினும் வதந்தி, ஏளனம், அவநம்பிக்கை ஆகிய சாயல்களும் அதற்கு உண்டு. ஆவணப்படம் பற்றிய கட்டுரைப் பகுதி ஒன்றைத் தமிழாக்கியபோது, என் முதல் வரைவில் 'அவர் இவ்வாறு செய்தாராம்' என்று எழுதியிருந்தேன். பாடகர் மீது நடுநிலையுடன் எழுதியதாகவே எண்ணினேன். மறுமுறை படித்தபோதுதான், நேரில் பட்டதைக் கூறும் ஒருவரின் சான்றுரையைத் தெருப்பேச்சாக மாற்றியிருந்தமை புலனாயிற்று. 'என்று அவர் சான்றுரைக்கிறார்' என்பது உண்மையை முடிவு செய்யவும் இல்லை. கூறுபவரை இழிவுபடுத்தவும் இல்லை.

4. தீர்வும் தீர்ப்பும்

முதல் குற்றச்சாட்டை ஒட்டிய உரிமையியல் வழக்கு, 1994இல் தொகை கொடுத்து முடித்துக்கொள்ளப்பட்டது. ஜாக்சன் தம் மீது குற்றம் உண்டென ஒப்பவில்லை. அத்தொகையை 'இழப்பீடு' எனப் பெயர்த்தால் இழப்பு நேர்ந்தமை ஒப்புக்கொள்ளப்பட்டதாகிறது. பிறிதொரு சிறுவர் தொடர்பான வழக்கில், 2005 ஜூன் 13 அன்று கலிபோர்னிய ஜூரியினர் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்தனர். இதனை 'நிரபராதி எனத் தீர்ப்பளித்தனர்' என்று எழுதுவதும் 'தப்பித்தார்' என்று எழுதுவதும் தவறே. ஐயத்திற்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே தீர்ப்பின் பொருள். அவ்வழக்கில் ஜாக்சனுக்கு ஆதரவாகச் சாட்சியம் அளித்த ஒருவரே 2019ஆம் ஆண்டுப் படத்தில் அதற்கு மாறாகப் பேசுகிறார். ஜாக்சனின் சொத்து நிர்வாகத்தினர் அதனை மறுத்தனர். இவை அனைத்தும் ஒருசேர வாசகர் முன் நிற்க வேண்டும்.

5. கறையும் களங்கமும்

பிழை செய்த கலைஞரின் படைப்பை என் செய்வது என்னும் வினாவுக்கு டெடரர் கறை என்னும் உருவகத்தைக் கையாள்கிறார். வாழ்க்கை பற்றிய செய்தி நம் விருப்பத்தைக் கேளாமல் படைப்பின் மீது படர்கிறது. இதற்குக் 'களங்கம்' என்னும் சொல் பொருந்தாது. அது நிலவோடும் ஒழுக்கத்தோடும் பிணைந்த சொல். தீர்ப்பின் ஒலி அதில் உண்டு. 'கறை படிந்தது' என்னும் எளிய தன்வினைத் தொடரே அவர் கருத்துக்கு நெருக்கமானது. பாடலைக் கேட்பவர் தீர்ப்பு வழங்குவதில்லை, கறையைக் காண்கிறார்.

6. முடிவுரை

ஜாக்சனைச் சூழ்ந்த ஆரவாரம் உண்மையில் அவரைப் பற்றியதன்று என்னும் கருத்தைப் பால்டுவின் 1985இல் தெரிவித்தார். முதல் குற்றச்சாட்டு எழுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முற்பட்ட கருத்து அது. ஆண்டின்றி அதனை மேற்கோளாக்கினால் பின்னாளைய வழக்குகளுக்கான மறுமொழியாகத் தோன்றும். எனவே இத்தகைய எழுத்துகளைத் தமிழாக்குவோர் ஆண்டு, வினைவகை, விகுதி, சாட்சியின் வாய்மொழி ஆகிய நான்கையும் ஒவ்வொரு தொடரிலும் சரிபார்த்தல் வேண்டும். பாடகர் மறுமொழி கூற இன்றில்லை. குற்றம் சாட்டியோர் தமிழ் அறியார். அவ்விரு தரப்பினரையும் தமிழ் வாசகர் முன் நிறுத்தும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளருடையது.