பூட்டிய கணினியிலிருந்து கோப்புகளை மீட்கும் கலை

கடவுச்சொல் தெரியாத கணினியிலிருந்து கோப்புகளை மீட்கும் வேலை, பூட்டு எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று கண்டறிவதில் தொடங்குகிறது. திரையில் தெரிவது பெரும்பாலும் ஒரே கட்டம்தான்: மேலே ஒரு பெயர், கீழே கடவுச்சொல்லுக்கான இடம். அதற்குப் பின்னால் இருக்கும் நிலைமை கணினிக்குக் கணினி மாறும். சிலவற்றில் இயங்குதளம் மட்டுமே வழியை மறிக்கிறது. டிஸ்க்கில் உள்ள கோப்புகள் அப்படியே படிக்கக்கூடியவையாகக் கிடக்கின்றன. சிலவற்றில் ஒரு ஜிப் கோப்போ எக்செல் கோப்போ மட்டும் தனியாகப் பூட்டப்பட்டிருக்கும். இன்னும் சிலவற்றில் டிஸ்க் முழுவதும், கடைசி பைட் வரை, என்கிரிப்ஷன் எனப்படும் மறையாக்கத்துக்குள் போயிருக்கும். இந்த வேறுபாடு தெரியாதவர் எடுத்ததும் விண்டோஸை மறுபடி ஏற்றிவிடுவார். மீட்கக்கூடியதாக இருந்ததும் அத்தோடு போய்விடும். தெரிந்தவர் முதலில் எதையும் தொடுவதில்லை. இந்தக் கலையின் நயமே அந்தப் பொறுமையில் இருக்கிறது.

நெடுங்காலம் வீட்டுக் கணினிகளில் இருந்தது முதல் வகைப் பூட்டுதான். விண்டோஸ் கேட்கும் கடவுச்சொல் கோப்புகளில் ஒரு எழுத்தையும் மாற்றுவதில்லை. வந்தவரை உள்ளே விடலாமா என்று மட்டும் தீர்மானிக்கிறது. வாசலில் காவலாளி நிற்கிறார், கொல்லைப்புறத்தில் மதிலே இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக வேறொரு இயங்குதளம் அதே கணினியில் எழுந்துவிட்டால் காவலாளிக்கு வேலை கிடையாது. ஜெர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் க்னாப்பர் 2000-ல் வெளியிட்ட ‘க்னாப்பிக்ஸ்’ இந்த வழியைப் பரவலாக்கியது: ஒரே சிடியில் ஒரு முழு லினக்ஸ், ஹார்ட் டிஸ்க்கில் எதையும் நிறுவாமலே ஓடும். சிடியின் இடத்தைப் பிறகு பென்டிரைவ் பிடித்துக்கொண்டது. விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையை லினக்ஸிலிருந்து நம்பிக் கையாளும் வசதி 2007-ல் ‘என்டிஎஃப்எஸ்-3ஜி’ மூலம் வந்தது. இன்ன கோப்பை இன்னார்தான் திறக்கலாம் என்று விண்டோஸ் எழுதிவைத்திருக்கும் அனுமதிகளை மதித்து நடப்பதும் விண்டோஸ்தான். வெளியிலிருந்து டிஸ்க்கைப் பார்க்கும் லினக்ஸுக்கு அவை வெறும் குறிப்புகள்.

செய்முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஆரவாரமே இருக்காது. பென்டிரைவைச் செருகி, கணினி எழும்போது எஃப்12 அல்லது எஸ்கேப் விசையைத் தட்டி, எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். லினக்ஸ் வந்ததும் டிஸ்க்கை ‘படிக்க மட்டும்’ என்ற முறையில் இணைக்க வேண்டும். கைதேர்ந்தவரை அடையாளம் காட்டும் இடம் இது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், கணினியை அணைத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை வேகமாக எழுவதற்காகத் தன் நிலையின் ஒரு பகுதியை டிஸ்க்கிலேயே சேமித்து வைத்துக்கொள்கிறது. அந்த நிலையில் வெளியிலிருந்து ஒரு கோப்பை எழுதினாலும் கோப்பு முறைமை குழம்பக்கூடும். படிக்க மட்டும் இணைத்தால் அந்த ஆபத்து இல்லை. பிறகு ‘யூசர்ஸ்’ கோப்புறைக்குள் போனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்கள் எல்லாம் பெயர் மாறாமல், தேதி மாறாமல் அப்படியே இருக்கும்.

எதை எடுப்பது என்பதிலும் ஒரு தேர்ச்சி உண்டு. கணினிக்குச் சொந்தக்காரர் போட்டோக்களைக் கேட்பார். கடையின் கணக்கு வழக்கு முழுவதும் டேலியில் இருப்பதும், அந்தத் தரவு டாக்குமென்ட்ஸுக்கு வெளியே வேறொரு கோப்புறையில் கிடப்பதும் அவருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. அவுட்லுக் அஞ்சல்கள், பிரவுசரின் புக்மார்க்குகள், எங்கிருந்தோ தேடிப் பிடித்து நிறுவிய தமிழ் எழுத்துருக்கள் என்று கேட்காததையும் சேர்த்து எடுப்பவரே நல்ல வேலைக்காரர். டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டால் கோப்பு கோப்பாக நகலெடுப்பதை நிறுத்திவிட்டு ‘டிடிரெஸ்க்யூ’ போன்ற கருவிக்கு மாற வேண்டும். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை படித்தது என்பதைத் தனியே குறித்துக்கொள்வதால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சாகும் தறுவாயில் உள்ள டிஸ்க்கிடம் இவ்வளவு பக்குவமாக நடந்துகொள்ளும் மென்பொருள் அபூர்வம்.

இவை அத்தனையும் உரிமையாளரின் சம்மதத்தோடு மட்டும் செய்யப்பட வேண்டியவை. அனுமதியின்றி அடுத்தவர் கணினியைத் திறப்பதும் தரவை எடுப்பதும் இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 43, 66 ஆகிய பிரிவுகளுக்குள் வரும். பொறுப்பான சர்வீஸ் கடையில் வாங்கிய ரசீதைக் கேட்பார்கள். இறந்தவருடைய கணினி என்றால் வாரிசு யார் என்று கேட்பார்கள்.

கோப்புகளை எடுப்பதற்குப் பதிலாகக் கடவுச்சொல்லையே அழித்துவிடும் வழியும் உண்டு. நார்வேயின் பெட்டர் நோர்டால்-ஹாகன் 1997-ல் உருவாக்கிய ‘சிஎச்என்டிபிடபிள்யூ’, விண்டோஸ் பயனர் விவரங்களை வைத்திருக்கும் ‘சாம்’ என்ற ரெஜிஸ்ட்ரி கோப்பை வெளியிலிருந்தே திருத்தும். வேலை சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் உள்ளே ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் 2000 முதல் ‘இஎஃப்எஸ்’ என்ற வசதி தனித்தனிக் கோப்புகளை மறையாக்கம் செய்துவைக்கிறது. எக்ஸ்பி காலத்திலிருந்து அதன் சாவி பயனரின் கடவுச்சொல்லோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கடவுச்சொல்லை வலுக்கட்டாயமாக அழித்துவிட்டு உள்ளே நுழைந்தால் கணினி திறக்கும், அந்தக் கோப்புகள் திறக்காது. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் பெயர் பச்சை நிறத்தில் தெரியும் கோப்புகள் இவைதான். அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்ற சந்தேகம் வந்தாலே, அழிப்பதை விட்டுவிட்டுப் பழைய கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கும் வழிக்குப் போக வேண்டும்.

அந்த வழியில்தான் கணிதம் நுழைகிறது. கணினி கடவுச்சொல்லைச் சேமிப்பதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட ‘ஹாஷ்’ என்ற மதிப்பைச் சேமிக்கிறது. ஹாஷிலிருந்து கடவுச்சொல்லுக்குத் திரும்பி வர முடியாது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ஹாஷ் கணக்கிட்டு, பொருந்துகிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி. பழைய விண்டோஸ் பயன்படுத்திய ‘எல்எம்’ ஹாஷ் இதில் பெரிய ஓட்டையை விட்டிருந்தது. 14 எழுத்துக் கடவுச்சொல்லை அது முதலில் பெரிய எழுத்துகளாக மாற்றும், பிறகு ஏழு ஏழாக வெட்டி இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடும். ஆங்கில எழுத்துகள் மட்டும் என்று வைத்துக்கொண்டால் ஏழு இடங்களுக்கு ஏறத்தாழ 803 கோடி சேர்க்கைகள். பதினான்கு இடங்கள் என்றால் அது 803 கோடி மடங்கு பெருகியிருக்க வேண்டும். வெட்டியதால் இரண்டு 803 கோடிகளாகச் சுருங்கிப் போனது. விண்டோஸ் விஸ்டாவில் இந்த ஹாஷ் சேமிக்கப்படுவது இயல்பாகவே நிறுத்தப்பட்டது.

இந்த ஓட்டையின் மேல் கட்டப்பட்ட அழகான வேலை சுவிட்சர்லாந்தின் லொசானில் நடந்தது. ஹாஷ்களை முன்கூட்டியே கணக்கிட்டு, அவற்றில் ஒரு பகுதியை மட்டும் சேமித்து, மீதியைத் தேவைப்படும்போது கணக்கிட்டுக்கொள்ளும் முறையை மார்ட்டின் ஹெல்மன் 1980-ல் சொல்லியிருந்தார். பிலிப் ஓக்ஸ்லின் 2003-ல் அதை மெருகேற்றி ‘ரெயின்போ அட்டவணை’ என்று பெயரிட்டார். 1.4 ஜிபி அட்டவணையைக் கொண்டு, எழுத்தும் எண்ணும் கலந்த எல்எம் கடவுச்சொற்களில் 99.9 சதவீதத்தை 13.6 வினாடியில் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார். இடத்தைக் கொடுத்து நேரத்தை வாங்கும் இந்தப் பேரம், இந்தத் துறை தந்த சிந்தனைகளில் மிக நேர்த்தியானது. அதற்கு மாற்று மருந்தும் முன்பே தெரிந்ததுதான். ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் ‘சால்ட்’ எனப்படும் வெவ்வேறு தற்செயல் எண்ணைச் சேர்த்துக் கணக்கிட்டால் முன்கூட்டிய அட்டவணை பயன்படாது என்று ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-லேயே எழுதிவிட்டார்கள்.

பின்னால் வந்த என்டி ஹாஷில் வெட்டு இல்லை. ஆனால் சால்ட்டும் இல்லை. ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, ‘ஹாஷ்கேட்’ மென்பொருளில், வினாடிக்கு 28,000 கோடிக்கும் மேற்பட்ட ஊகங்களை இதில் சோதிக்கும். எந்தக் குறியும் இடம்பெறக்கூடிய எட்டு எழுத்துக் கடவுச்சொல் அதற்கு ஏழு மணி நேரம்கூடத் தாங்காது.

தனிக் கோப்புகளின் பூட்டுகளில் ரசிக்கத்தக்கது பழைய ஜிப். எக்செல், வேர்டு பூட்டுகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம்: 97 முதல் 2003 வரையிலான பதிப்புகளின் 40 பிட் சாவி இன்று எளிதில் விழும், ஆஃபீஸ் 2007 ஒரு ஊகத்துக்கு 50,000 முறையும், 2010 ஒரு லட்சம் முறையும் ஹாஷ் கணக்கிடச் செய்து வேகத்தை மட்டுப்படுத்தின. ஜிப் கோப்பில் நடப்பது வேறு. அதன் பழைய மறையாக்கம் கடவுச்சொல்லை 32 பிட் எண்கள் மூன்றாக மாற்றிக்கொண்டு, அவற்றைக் கொண்டே வேலை செய்கிறது. பூட்டிய கோப்பின் ஒரு சிறு துண்டு ஏற்கெனவே தெரிந்திருந்தால், கடவுச்சொல் தெரியாமலே அந்த மூன்று எண்களைக் கணக்கிட்டுவிடலாம் என்று எலி பிஹாமும் பால் கோச்சரும் 1994-ல் நிறுவினார்கள். இன்றைய ‘பிகேகிராக்’ கருவிக்கு 12 பைட் போதும், அவற்றில் எட்டு அடுத்தடுத்து இருந்தால். அந்த 12 பைட் எங்கே கிடைக்கும்? பிஎன்ஜி படம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரியான 16 பைட்டுகளோடுதான் தொடங்குகிறது: எட்டு பைட் அடையாளம், அடுத்து வரும் பகுதியின் நீளம், அந்தப் பகுதியின் பெயர். ஜிப்புக்குள் சுருக்கப்படாமல் வைக்கப்பட்ட ஒரு பிஎன்ஜி இருந்தால், அந்தப் படம் என்ன என்றே தெரியாமல், அதன் தலைப்பகுதியை மட்டும் வைத்து, அதே கடவுச்சொல்லில் பூட்டிய எல்லாக் கோப்புகளையும் வெளியே எடுத்துவிடலாம். கடவுச்சொல் கடைசிவரை தெரியாமலே போகலாம், தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஜிப்பில் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறை பயன்படுத்தப்பட்டிருந்தால் இது பலிக்காது.

கணக்கு ஓய்ந்த இடத்தில் ஆளைப் படிக்கும் கலை தொடங்குகிறது. நார்வேயின் நீநோர்ஸ்க் எழுத்து மொழிக்கு அடித்தளமிட்ட ஈவார் ஓசன் பெயரில் அந்நாட்டில் ஒரு மையம் இருக்கிறது. மொழியறிஞர் ரெய்டார் யூபெடால் சேர்த்த நூல்தொகுப்பு அங்கு வந்தது. சுமார் 11,000 நூல்களின் மின்பட்டியலும் இருந்தது. பட்டியலைத் தயாரித்தவர் கடவுச்சொல்லைச் சொல்லாமலே இறந்துவிட்டார். மையம் 2002-ல் வெளிப்படையாக ஹேக்கர்களின் உதவியைக் கேட்டது. விடை விரைவிலேயே வந்தது. யூபெடால் என்ற குடும்பப் பெயரை ரோமன் எழுத்தில் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பி எழுதியதே கடவுச்சொல். எத்தனையோ கடவுச்சொற்கள் இந்த அளவுக்குத்தான் ஒளிந்திருக்கின்றன. அதனால்தான் நல்ல மீட்பாளர் கருவியை ஓடவிடும் முன் கேள்வி கேட்கிறார்: அந்த நாட்களில் வேறு எதற்கெல்லாம் என்ன கடவுச்சொல் வைத்திருந்தார், முதல் எழுத்தைப் பெரியதாக இடும் பழக்கம் உண்டா, பிறந்த ஆண்டைக் கடைசியில் சேர்ப்பாரா, எழுத்துக்குப் பதில் குறி போடுவாரா. இந்தப் பதில்கள் ஹாஷ்கேட்டில் விதிகளாக மாறும்போது கோடிகள் ஆயிரங்களாகக் குறையும்.

யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனின் கடவுச்சொல் எதிர்முனையில் நிற்கிறது. 1980 வாக்கிலான பிஎஸ்டி யூனிக்ஸின் பழைய கோப்பில் இருந்த அவரது ஹாஷ், சகாக்கள் பலருடையது எளிதில் விழுந்த பிறகும் மசியவில்லை. 2019-ல் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு நான்கு நாட்களுக்கு மேல் ஓடித்தான் அதைக் கண்டுபிடித்தது. வெளிவந்தது சதுரங்கத்தின் தொடக்க நகர்வு ஒன்று: ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னேற்றுவது, பழைய குறியீட்டு முறையில், எட்டே எழுத்துகளில். ‘பெல்’ என்ற சதுரங்கக் கணினியை ஜோ காண்டனோடு சேர்ந்து உருவாக்கியவர் தாம்சன். விடையைப் பார்த்த பிறகு, அது அவருடையதாகத்தான் இருக்க முடியும் என்று தோன்றுகிறது.

மனிதர் வைக்காமல் மென்பொருளே உருவாக்கிய கடவுச்சொல் என்றால் ஆளைப் படித்துப் பயனில்லை. அந்த மென்பொருளைப் படிக்க வேண்டும். 43.6 பிட்காயின் இருந்த ஒரு பணப்பையின் 20 எழுத்துக் கடவுச்சொல், சேமித்துவைத்த கோப்பு பழுதானதால் தொலைந்திருந்தது. அதை உருவாக்கியது ‘ரோபோஃபார்ம்’. அதன் பழைய பதிப்பில் தற்செயல் எண்கள் கணினியின் தேதி, நேரத்தைச் சார்ந்திருந்தன என்பதை ஹேக்கர் ஜோ கிராண்டும் அவருடைய கூட்டாளியும் கண்டுபிடித்தார்கள். கடிகாரத்தைப் பின்னுக்கு ஓட்டி, 2013 மே 15-ம் தேதியின் ஒரு குறிப்பிட்ட வினாடியில் அதே கடவுச்சொல்லை மறுபடி பிறக்கவைத்தார்கள். 2024-ல் வெளியான இந்தக் கதையில் ஊகத்தைவிட வாசிப்புக்கே பெரிய இடம்.

டிஸ்க் முழுவதும் மறையாக்கப்பட்டிருந்தால் மேற்சொன்னவற்றில் பெரும்பாலானவை செல்லாது. விண்டோஸின் பிட்லாக்கர் ஒரு ஊகத்துக்கு 10,48,576 முறை ஹாஷ் கணக்கிடுகிறது. லினக்ஸின் லக்ஸ், ஆப்பிளின் ஃபைல்வால்ட் ஆகியவையும் இதே அளவுக்குக் கறாரானவை. வெளியிலிருந்து படித்தால் வெறும் இரைச்சல்தான் தெரியும். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் இது பல நேரம் சொந்தக்காரருக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கிறது. மதர்போர்டு மாறினாலோ, பயோஸ் அமைப்பு மாறினாலோ, திடீரென ஒரு நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கால் நிறுவிய கணினியின் சாவி பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே இருக்கும். அலுவலகக் கணினி என்றால் நிர்வாகியிடம். சிலர் அச்செடுத்தோ பென்டிரைவிலோ வைத்திருப்பார்கள். திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளைக் கையில் உள்ள சாவியின் அடையாளத்தோடு ஒப்பிட்டால் அது இந்த டிஸ்க்குக்கு உரியதுதானா என்று தெரிந்துவிடும்.

அந்த 48 இலக்கங்களின் அமைப்பிலும் ஒரு கைவேலை இருக்கிறது. ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுக் குழுக்கள். ஒவ்வொரு குழுவும் 11-ஆல் மீதமின்றி வகுபடும், வகுத்து வரும் ஈவு 65,535-ஐத் தாண்டாது. ஆகவே எந்தக் குழுவும் 720885-ஐ விடப் பெரியதாக இருக்க முடியாது. ஓர் ஈவு 16 பிட், எட்டும் சேர்ந்தால் 128 பிட் சாவி. கையெழுத்தில் 1-ம் 7-ம் மயங்கினாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ, அந்தக் குழு 11-ஆல் வகுபடாது. தவறு எந்தக் குழுவில் என்று அப்போதே தெரிந்துவிடும். மங்கிப்போன காகிதத்தில் ஒரு குழுவில் ஒரே இலக்கம் அழிந்திருந்தால், 11-ஆல் வகுபடச் செய்யும் இலக்கம் ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது. தாளும் பென்சிலும் இருந்தாலே அதை மீட்டுவிடலாம். சாவி கிடைத்தபின் ‘டிஸ்லாக்கர்’ கருவியைக் கொண்டு லினக்ஸிலும் டிஸ்க்கைத் திறக்கலாம். அப்போதும் படிக்க மட்டும் இணைத்து, முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, மூலத்தின் ஹாஷும் நகலின் ஹாஷும் ஒன்றா என்று சரிபார்த்த பிறகே பழைய டிஸ்க்கில் விண்டோஸை மறுபடி ஏற்றுவது வழக்கம்.