தொடுவதற்கு முன் படு

மலர்க்குழுவின் பெரியவர்கள் உரிமையோடு கேட்டதால் எழுதுகிறேன். வர்மத்தில் வடக்கன் வழி, தெக்கன் வழி, வீட்டு மரபு, கல்லூரி மரபு எல்லாம் நம் சங்கத்தார் அறிந்தவை. மனம் கலங்கியவரின் உடம்பைத் தொடும் கைக்கு என்ன பக்குவம் வேண்டும் என்பது மட்டுமே என் பேச்சு.

பாளையங்கோட்டையில் 1964-இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. ஆசான்மார் வாயோடு நின்ற வர்மமும் தொக்கணமும் பாடமாயின. அது பெரும் பேறு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று இன்று எந்த மாணவரும் ஒப்பிப்பார். அழுத்தத்தில் கால் மாத்திரைக்கும் அரை மாத்திரைக்கும் உள்ள பேதம் மட்டும் விரல்நுனிக்குத்தான் பிடிபடும்.

எங்கள் ஆசான் சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றங்கரையில் இருந்தவர். முதல் வருஷம் முழுக்க என்னை ஒருவரையும் தொட விடவில்லை. "நீ படுடே" என்பார். விரல் வைத்த இடத்தில் மூச்சு எப்படி ஓடுகிறது, எங்கே கோபம் வருகிறது என்று நானே சொல்ல வேண்டும். ஒருநாள் தோள்பட்டையில் கை வைத்தபோது, சின்ன வயதில் இறந்த தங்கை நினைவுக்கு வந்து தேம்பிவிட்டேன். ஆசான் அழுத்தவில்லை, கையை எடுக்கவும் இல்லை. அழுகை அடங்கும்வரை அப்படியே இருந்தார். மனம் கலங்கும் கிரிகை நோய் 18 வகை என்று ஏட்டில் படித்ததைவிட அன்று படித்தது அதிகம்.

வியன்னாவில் பிராய்டும் ஆரம்பத்தில் நோயாளியின் நெற்றியில் கை அழுத்தித்தான் நினைவுகளைக் கேட்டார். பிராயரோடு சேர்ந்து 1895-இல் வெளியிட்ட நூலில் இது இருக்கிறது. பிறகு கையை விலக்கி, சாய்விருக்கையின் பின்னால் உட்கார்ந்துகொண்டார். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922-இல் உளப்பகுப்பாய்வுச் சங்கம் கண்டு அந்த மரபை நம் நாட்டில் ஊன்றினார். தொடுவதை விட்டவர்களும், வைத்தியராக வருகிறவர் முதலில் தானே அந்தச் சாய்விருக்கையில் படுக்க வேண்டும் என்ற விதியை விடவில்லை. நம் ஆசான் சொன்னதும் அதுதானே!

இன்று இரண்டு நாள் வகுப்பு, கைப்பேசியில் புள்ளிப் படம், சுவரில் சான்றிதழ். யாரையும் குறித்துச் சொல்லவில்லை; நல்ல மனதோடு செய்கிறவர்களும் உண்டு. ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒரு பெண் என்னிடம் வந்தாள். எங்கேயோ ஒருவர் ஒரு வார்த்தை கேட்காமல் கழுத்தடியில் அழுத்த, பழைய பயமெல்லாம் கிளம்பி அலறியிருக்கிறாள். அழுத்தியவர் மிரண்டு வெளியே போய்விட்டாராம். வர்மத்தை இளக்கி மீட்கும் இளக்குமுறை தெரியாத கை! பெற்ற தாயைக்கூட அவள் மூன்று மாதம் பக்கத்தில் விடவில்லை. நகம் வெட்டாத விரல், காய்ச்சிய பதம் தெரியாத தைலம், அனுமதி கேட்காத அவசரம்: இப்படியே போனால் பொதிகையடியில் வர்மம் என்ற சொல் மட்டுமே மிஞ்சும், தாமிரபரணி வற்றினாலும் எனக்கு இத்தனை துக்கம் வராது.

சங்கத்துப் பெரியவர்களிடம் ஒரே விண்ணப்பம். இனி எந்தச் சான்றிதழிலும் கையெழுத்திடுமுன், எத்தனை பேரைத் தொட்டாய் என்று கேட்க வேண்டாம். யார் கைக்குக் கீழே, எத்தனை நாள் படுத்தாய் என்று கேளுங்கள்.