குட்டிச் சக்கரம் தரையை விடும் நொடி

சக்கர நாற்காலியில் வெளியே போகிறவருக்கு மேடும் தூரமும்கூட அவ்வளவு பெரிய எதிரி இல்லை. முன்னால் இருக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்கள்தான் எதிரி. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவை வழுக்கிக்கொண்டு ஓடும். நாமக்கல் மாவட்டத்து மல்லசமுத்திரம் பக்கம் தார் ரோடு முடிந்து வண்டித்தடம் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு ஜல்லிக்கல் போதும். சக்கரம் முட்டி நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்பக்கமாகச் சரிவார். தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவரால் காலை ஊன்றிச் சமாளிக்க முடியாது. பலருடைய உலகம் வாசல் சிமெண்ட் தளத்தோடு நின்றுபோவது இதனால்தான். மெரினாவில் 2022 நவம்பரில் கடலை நோக்கி மரப்பாதை போட்டதும் இதே சிக்கலுக்காகத்தான். மணலில் அந்தச் சக்கரங்கள் அப்படியே புதைந்துவிடும்.

நியோபோல்ட் கை வைப்பது சரியாக இந்த இடத்தில். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் நடத்தும் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையத்திலிருந்து முளைத்த நியோமோஷன் நிறுவனம், 2021இல் கொண்டுவந்த மோட்டார் இணைப்பு இது. ஆளின் அளவுக்கேற்பச் செய்து தரும் நியோஃப்ளை நாற்காலியின் முன்னால் மாட்ட வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகம், ஒரு சார்ஜில் 25 கி.மீ. வரை ஓட்டம், லித்தியம் பேட்டரி. அறிமுக விலை நாற்காலிக்கு 39,900 ரூபாய், இணைப்புக்கு 55,000. இதெல்லாம் அப்போதே விளம்பரத்தில் வந்தவை.

விளம்பரம் உரக்கச் சொல்லாத ஒன்று உண்டு. இணைப்பை மாட்டிப் பூட்டியதும் குட்டிச் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிடும். அவற்றின் வேலையை முன்னாலுள்ள ஒற்றைப் பெரிய சக்கரம் எடுத்துக்கொள்ளும். அந்த நொடியில் வண்டித்தடம் பாதையாகிவிடுகிறது. சோளக்காட்டு ஓரம், பள்ளி மைதானத்துச் செம்மண், ஏரிக்கரை என்று பல வாரம் ஓட்டியும் இந்த ஆச்சரியம் பழகிப்போகவில்லை. முழங்கையும் தோளும் வலிக்கத் தள்ளிய தூரத்தை, பருத்தி ஏலத்தன்று மூட்டை வண்டிகளுக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு கடப்பது தனி உற்சாகம். "கூட யாரும் வரலீங்களா?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். யாரும் வரவில்லை என்று சொல்வதற்காகவே இன்னொரு டீ குடிக்கலாம்.

பின்பக்கம் இரண்டு சக்கரம் கூட்டிய பெட்ரோல் ஸ்கூட்டரை அரசு பல ஆண்டுகளாகத் தருகிறது. அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கடை வாசலில் தெரியும். ஸ்கூட்டரில் போனால் நாற்காலி வீட்டில் இருக்கும். வேண்டியதை யாராவது வெளியே கொண்டுவந்து தர வேண்டும். இங்கே இணைப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, அதே நாற்காலியில் உள்ளே போய்த் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். மைதானத்திலும் இதே கதைதான். இறங்கி ஏறும் பாடு இல்லாமல், வந்த நாற்காலியிலேயே ஆட்டத்துக்குள் போகலாம்.

நாற்காலியில் இருந்தபடி விளையாடுவது புதிதல்ல. 1948 ஜூலை 29இல், லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாள், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் நாற்காலியில் இருந்த 16 முன்னாள் படைவீரர்களை வில்வித்தைக்கு இறக்கினார். பாராலிம்பிக்ஸின் வேர் அது. கையால் சுழற்றி ஓட்டும் சைக்கிள் 2004 ஏதென்ஸில்தான் அந்தப் போட்டிகளுக்குள் வந்தது. திறந்தவெளி விளையாட்டுக்கு முதலில் திறந்தவெளிக்குப் போய்ச் சேர வேண்டும். நம் கிராமங்களில் அந்த முதல் கட்டமே இப்போதுதான் கைக்கு எட்டுகிறது.

ஓட்டும்போது எனக்கு வரும் கோபம் வண்டிமேல் இல்லை, வேகத்தடைகள்மேல். வெள்ளைக் கோடு இல்லாமல், ஊர்க்காரர்களே சிமெண்ட் கொட்டி எழுப்பிய முதுகுகள். நடப்பவருக்கு அது வெறும் குலுக்கல். உணர்வில்லாத உடம்புக்கு அந்த அதிர்ச்சியில் கால்கள் விறைத்துத் துள்ளி, பாதம் பலகையிலிருந்து நழுவும். நழுவியது தெரியவும் தெரியாது, குனிந்து பார்த்தால்தான் உண்டு. கால் பட்டையைக் கட்டாமல் கிளம்பவே கூடாது. அழுத்தப் புண் வராமலிருக்க, கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை வண்டியை நிறுத்திக் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கவும் வேண்டும். உற்சாகத்தில் முதலில் மறந்துபோவது இதுதான்.

முன்சக்கரம் இழுக்கும் எந்த இணைப்புக்கும் உள்ள குறை இதற்கும் உண்டு. ஏற்றத்தில் பாரம் பின்னால் போகும். முன்சக்கரம் பிடிப்பிழந்து ஜல்லியில் சுழலும். உடம்பை முன்னால் சாய்த்தால் பிடிப்பு திரும்பும். முதுகின் கீழ்ப்பகுதியில் அடிபட்டவர் சாய்வார். கழுத்திலோ மார்பு உயரத்திலோ அடிபட்டவருக்கு அது எளிதல்ல; வியர்க்காத உடம்போடு பங்குனி வெயிலில் அங்கே மாட்டிக்கொள்வது ஆபத்தும்கூட. அவர்கள் பணம் கட்டும் முன் தங்கள் ஊரின் மோசமான ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கட்டும், தண்ணீர் பாட்டிலோடும் துணைக்கு ஓர் ஆளோடும். மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போய்த் திரும்ப நினைப்பவர் சார்ஜரையும் எடுத்துக்கொள்ளட்டும்.