பாடமாக்கிய வாக்குமூலம்

ரெஸ்ரோரண்ட் குசினி வேலை முடிந்து அறைக்குத் திரும்ப இரவு ஒரு மணியாகிவிடும். அப்படியான இரண்டு இரவுகளில் நாங்கள் நால்வரும் பார்த்து முடித்த படம், கோஸ்ரா காவ்ராஸ் இயக்கி 1970 இல் பிரான்சில் வெளிவந்த 'வாக்குமூலம்' (லாவெ).

1952 இல் பிராக் நகரில் நடந்த ஸ்லான்ஸ்கி வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 14 பேர். 11 பேர் தூக்கிலிடப்பட்டனர். எஞ்சிய மூவரில் ஒருவரான ஆர்தர் லண்டனின் நூலே படத்துக்கு மூலம். துணை வெளிநாட்டமைச்சர் ஒருவரை அவருடைய கட்சியின் அரசே பிடித்து அடைக்கிறது.

இரத்தம் தெறிக்கும் காட்சிகள் இதில் குறைவு. இங்கே பெரிய ஆயுதம் நித்திரையைப் பறிப்பதுதான். ஈவ் மொந்தான் சிறையறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறார். நின்றால் காவலாளி கத்துகிறான். விசாரிப்பவர்களுக்கு உண்மை தேவையில்லை. ஏற்கெனவே தீர்மானித்த கதைக்கு ஒரு கையொப்பம் போதும். பிறகு அதையே பாடமாக்க வைக்கிறார்கள். நீதிமன்றத்தில் முகம் வெளிறித் தெரியாமலிருக்க விளக்கொளியில் நிறமேற்றுகிறார்கள்.

இந்த இடத்தில் எங்களில் ஒருவரும் பேசவில்லை. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்க 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் வழிசெய்த நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைத்தவன் எங்களுக்குள் இருக்கிறான். இங்கு வந்த பிறகும் அகதிக் கேஸுக்காகச் சொந்தக் கதையைத் திகதி பிசகாமல் பாடமாக்கினோம். உண்மையில் நடந்ததைச் சொன்னபோதும் அது எங்கள் காதுக்கே ஒப்புவிப்பதுபோல் கேட்டது.

அவர் உயிர்தப்பியதைப் படம் நடுவிலேயே காட்டிவிடுகிறது. திகில் குறைந்துவிட்டதென்றார் ஒரு நண்பர். மற்ற மூவருக்கும் அது சரியாகவே பட்டது. தப்புவாரா என்பதல்ல கேள்வி. தன் வாயாலேயே தன்னைத் துரோகி என்று எப்படிச் சொல்ல வைத்தார்கள் என்பதே. வானொலியில் அந்த வாக்குமூலத்தைக் கேட்டு அவரைக் கைவிடும் மனைவிக்கு (சிமோன் சிஞோரே) படம் போதிய இடம் தரவில்லை என்பதே எங்கள் குறை.

கிரேக்க வலதுசாரிகளை அம்பலப்படுத்திய இவருடைய 'இஸட்' (1969) படத்தைக் கொண்டாடிய இடதுசாரிகளில் பலர் இதற்கு முகம் சுளித்தனர். எதிரியின் சிறையைப் பற்றிப் பேசுவது சுலபம். எங்கள் இயக்கங்களின் முகாம்களிலும் 'துரோகி' என்று எழுதி வாங்கினார்கள். ஒரே அறையில் இத்தனை வருடம் இருந்தும், அதை நாங்கள் நால்வரும் அன்றிரவுதான் முதன்முறையாகப் பேசினோம்.